மேனேஜரின் வலப்பக்கம்

எங்கள் தெருவில் யாருக்கு எந்த முட்டி வலிக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மருந்துக்கடை வைத்திருப்பவளுக்கு இது பெரிய வித்தையில்லை. வானம் மூட்டம் போட்டால் போதும், குடை விற்கிறவனுக்கு முன்னால் எனக்கு வியாபாரம் ஆரம்பித்துவிடும். களிம்பு, தைலம், முட்டி உறை, வெந்நீர்ப் பை என்று வரிசையில் வந்து நிற்பார்கள். அந்த வரிசைக்கே வராமல், பக்கத்துக் கடையில் உட்கார்ந்த இடத்திலிருந்து, "ஏ மெடிக்கல், ஒரு களிம்பு தூக்கிப் போடு!" என்று குரல் கொடுக்கும் உரிமை ஒரே ஒருத்திக்குத்தான். அவள் பட்டன் அக்கா.

பட்டன் அக்கா தையல்காரி. அவள் வாயில் எப்போதும் இரண்டு பட்டனோ நாலு குண்டூசியோ இருக்கும். அதை வைத்துக்கொண்டே பேசுவாள், சிரிப்பாள், வாடிக்கையாளரோடு மல்லுக்கும் நிற்பாள். எங்கே விழுங்கித் தொலைக்கப்போகிறாளோ என்று எனக்குத்தான் பயம். ஐம்பதை நெருங்கும் வயது. கல்யாணமான நாளிலிருந்து மிதித்த மெஷின். பிற்பாடு மோட்டார் வைத்தும் பிரயோசனமில்லை, போன முட்டி போனதுதான். இரண்டிலும் தேய்மானம், இடதுகாலில் கூடுதல். கடைக்கு ஏற இரண்டே படி. அவற்றின் எதிரே ஒரு நிமிஷம் நின்று, கடவுளையும் அந்தக் கட்டடத்தைக் கட்டின மேஸ்திரியையும் மாறி மாறிக் கூப்பிட்ட பிறகுதான் காலைத் தூக்குவாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எங்கள் தெரு வழியாகப் புகுந்து, ஏரிக்கரைச் சாலையைப் பிடித்து, அக்கரை போய்த் திரும்பும் வண்டி அவருடையது. கடையைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு குட்டி ஹாரன் அடிப்பார். அக்கா தலையை நிமிர்த்தவே மாட்டாள். கத்தரிக்கோல் பிடித்த கையை மட்டும் மேலே தூக்கிக் காட்டுவாள். பகலெல்லாம் அவர்கள் நடத்திய குடித்தனம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சாயங்காலம், கடைக்குப் பின்னால் ஒட்டியிருந்த இரண்டு அறை வீட்டில். அவர் ஒரு மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் களிம்பு தேய்ப்பார். "கியர் போடற மாதிரி தேய்க்காதீங்க!" என்று அக்கா கத்துவது என் அடுப்படிவரை கேட்கும். எனக்கு அது கேட்டால்தான் பொழுது சாய்ந்தது என்று தோன்றும்.

இந்தக் குடித்தனத்துக்குள் குதிரை வந்தது ஒரு பேண்ட் வழியாக.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளி இருந்தது. அதை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். வெயிலில் கறுத்த, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனிதர். மழை ஆரம்பித்த வாரத்தில் ஒரு மூட்டை பேண்ட்டோடு அக்கா கடைக்கு வந்தார். எல்லாம் சவாரி போகிறவர்கள் போடுவது. முட்டியின் உள்பக்கம் தோல் ஒட்டுப் போட்டிருந்தது, அந்த ஒட்டெல்லாம் தேய்ந்து பிய்ந்திருந்தது.

அக்கா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "என்ன மாஸ்டர், குழந்தைங்க விழுந்தா முட்டிக்கு முன்னாடிதானே கிழியும்? இதென்ன உள்பக்கமா தேஞ்சிருக்கு?"

"குதிரைமேல அங்கதாம்மா படும்."

"எல்லார்க்குமா?"

"சந்தேகமா இருந்தா வந்து பாருங்க."

சும்மா இருக்கிறவள் இல்லையே. துணி தைத்து முடித்ததும் தானே கொண்டுபோய்த் தருவதாகச் சொல்லி, முடித்த அன்றே கிளம்பினாள். போனவள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் திரும்பினாள். நேராக என் கடைக்குள் வந்து, நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாயில் பட்டன் இல்லை. முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னக்கா, பிரஷர் பாக்கட்டா?"

"ஏறிட்டேன்டி."

"என்ன ஏறிடுச்சு?"

"நான் ஏறிட்டேன்டி. குதிரைமேல."

கையில் வைத்திருந்த மாத்திரை அட்டையைக் கீழே போட்டுவிட்டேன்.

"அங்க ஒரு மேடை மாதிரி படி வெச்சிருக்காங்க. அதுல ஏறி நின்னா குதிரை முதுகு இடுப்பளவுக்குத்தான் வருது. மாஸ்டர் 'உட்காந்து பாக்கறீங்களா'ன்னாரு. வேடிக்கைக்குத்தான் கேட்டாரு, நான் உட்காந்துட்டேன். கயிறு கட்டி ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனாரு. மெடிக்கல், உனக்கு எப்படிச் சொல்றது? எனக்கு இருக்கற ரெண்டு காலும் வலிக்குது. அதுக்கு நாலு கால், ஒண்ணுகூட வலிக்கல! நான் போறேன், ஆனா நான் நடக்கல. மேல இருந்து பாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் ஏரி தெரியுதுடி. இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருக்கேன், ஏரி அவ்வளவு பெருசுன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

சொல்லும்போது அவள் கை இரண்டும் கடிவாளம் பிடித்த மாதிரியே இருந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏனோ கண்ணும் கலங்கிற்று.

அவள் ஏறிய குதிரையின் பெயர் மேனேஜர். வயதான, கனத்த உடம்பு. யார் வந்தாலும் கீழ்க்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம், அதனால் அந்தப் பெயர். "லீவு கேக்கப் போனா பாக்கற பார்வைடி அது," என்றாள் அக்கா.

வாரம் இரண்டு காலை, கடை திறப்பதற்கு முன்னால், அக்கா ஆட்டோ பிடித்துப் போக ஆரம்பித்தாள். தனக்கென்று ஒரு சவாரி பேண்ட் தைத்துக்கொண்டாள். நல்ல தடிமனான துணி, மடிப்பு கலையாத தையல். முதல் முறை அதைப் போட்டுக்கொண்டு போனவள், திரும்பி வரும்போது காலை அகட்டி அகட்டி நடந்து வந்தாள்.

"என்னக்கா, குதிரை உன்மேல ஏறிடுச்சா?"

"பேசாத. புண்ணு ஆத்தற மருந்து எடு."

உள்தொடையிலிருந்து முட்டிவரைக்கும் இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் தோல் உரிந்திருந்தது. மருந்தைத் தடவிக்கொண்டே கோட்டை உற்றுப் பார்த்தவள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். ஊரில் எல்லாப் பேண்ட்டுக்கும் தைக்கிற மாதிரி, கை போன போக்கில், காலின் உள்பக்கம் கனமான இரட்டைத் தையல் போட்டிருக்கிறாள். சேணத்துக்கும் தோலுக்கும் நடுவில் அது அரம் மாதிரி அறுத்திருக்கிறது. மாஸ்டர் கொடுத்த பேண்ட்டையெல்லாம் கையில் பிடித்துத் தைத்தவள்தான். அவற்றில் உள்பக்கம் இந்த மாதிரித் தடித்த தையலே இல்லை என்பதைப் பார்த்தும் பார்க்கவில்லை.

"வேற யாராவது தெச்சுக் குடுத்திருந்தா கடைக்கே போய் சண்டை போட்டிருப்பேன்," என்றாள். "இப்ப யார்கிட்ட போடறது?"

அன்றைக்கே அதைப் பிரித்து, தையலை வெளிப்பக்கத்துக்கு மாற்றித் தைத்தாள்.

டிரைவருக்கு இதெல்லாம் தெரியாது. காலையில் முதல் வண்டி எடுப்பவர், இவள் போவதும் வருவதும் அவர் ஸ்டியரிங் பிடித்திருக்கும் நேரம். ஆனால் பஸ் ஓட்டுகிறவரிடம் எதை மறைக்க முடியும்? யாரோ ஒரு பிரயாணி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "என்ன டிரைவரே, வீட்ல குதிரையெல்லாம் வாங்கிட்டீங்களாமே!" என்று கேட்டு வைத்தான். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் கேட்ட சத்தம் களிம்பு தேய்க்கிற சத்தமில்லை. நான் ஆம்லெட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு ஜன்னலோரம் போனேன். ஒட்டுக் கேட்பது தப்புதான், ஆனால் அவர்கள் பேசின சத்தத்துக்கு ஒட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"குதிரைக்கு பிரேக் எங்க இருக்கு, சொல்லு!"

"கடிவாளம் இருக்குங்க."

"அது ஹேண்ட் பிரேக்கு. கால் பிரேக் எங்க?"

"உட்கார்ற விதத்துலதாங்க இருக்கு. நிமிந்து, நல்லா அழுத்தி உட்காந்தா அது நின்னுடும்."

"சோபாவுல உட்காந்தாலே நீ எந்திரிக்க நான் கை குடுக்கணும். நீ அழுத்தி உட்காந்து அது நிக்குமா? இந்தா பாரு, அந்தக் கால் ஏற்கெனவே பாதிதான் இருக்கு. மேலிருந்து விழுந்தா அந்தப் பாதியும் போயிடும். அப்புறம் நீ கடைக்கு எப்படிப் போவ? ரெண்டு படியை யாரு ஏத்திவிடுவா? நான் டூட்டியைப் பாப்பேனா, உன்னைத் தூக்கிட்டுத் திரிவேனா?"

"விழ மாட்டேங்க."

"விழறவன் எவனாவது விழுவேன்னு சொல்லிட்டு விழுவானா? மழை முடிஞ்சதும் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாரு இல்ல? அதுவரைக்கும் சும்மா இரு."

"அதுக்காகத்தான் சும்மா இருக்க முடியல. ஆபரேஷனுக்கு அப்புறம் குதிரை ஏறலாமான்னு கேட்டேன். 'பாக்கலாம்'னாரு. டாக்டர் பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, ஏரிக்கரை நெடுக, யாரும் கயிறு பிடிக்காம, நானா குதிரையில போயிட்டு வந்துடணும். அவ்வளவுதாங்க கேக்கறேன்."

மோடாவைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு டிரைவர் குரல் வந்தது. "சரி. போ. ஆனா இனிமே இந்தக் காலை என் மடியில கொண்டுவந்து வெக்காத. குதிரையையே தேச்சுவிடச் சொல்லு."

அன்றிலிருந்து டிரைவர் வேலைநிறுத்தம். களிம்பு தேய்ப்பதில்லை. கடையைத் தாண்டும்போது ஹாரனும் இல்லை. பஸ் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகும். அக்காவின் கத்தரிக்கோல் கை பாதிவரை எழும்பி, பிறகு துணியின்மேல் இறங்கிவிடும். புருஷன் பெண்டாட்டிச் சண்டையை ஊரார் ஒரு ஹாரன் இல்லாததிலிருந்தே தெரிந்துகொண்டார்கள். பூ விற்கிறவள்கூட என்னிடம் வந்து, "என்னாச்சு, பஸ்ஸுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று விசாரித்தாள்.

அக்கா அசையவில்லை. மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஏரிக்கரைச் சவாரிக்கு வருகிறவர்கள் படி மேடை இல்லாமல் தரையிலிருந்து தானாக ஏறவேண்டும், தானாக இறங்கவேண்டும். வெளியே போனால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது, அங்கே மேடை கிடையாது. ஏற முடியாதவர்கள் மைதானத்துக்குள் கயிற்றில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குதிரையில் எல்லோரும் இடப்பக்கமிருந்துதான் ஏறுவார்களாம். இடதுகாலை அங்கவடியில், அதாவது தொங்கும் அந்த இரும்பு வளையத்தில் வைத்து, உடம்பு முழுவதையும் அந்த ஒரு முட்டியில் தாங்கி எழும்பவேண்டும். அக்காவுக்கு இருப்பதிலேயே மோசமான முட்டி அது. முயற்சி செய்த முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

"வலப்பக்கமா ஏறினா என்ன மாஸ்டர்?"

"வழக்கமில்லம்மா. குதிரைக்கும் பழக்கமில்ல, மிரளும்."

"சட்டைக்கே ஆம்பளைக்கு ஒரு பக்கம் பொம்பளைக்கு ஒரு பக்கம் பட்டன் வெக்கறோம். குதிரைக்கு மட்டும் என்ன ஒரே பக்கம்?"

மாஸ்டர் சிரித்துவிட்டாராம். அடுத்த நாளிலிருந்து மேனேஜருக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. வலப்பக்கம் போய் நிற்பது, வலப்பக்க அங்கவடியைப் பிடித்து இழுப்பது, வயிற்றுப் பட்டையைத் தட்டுவது, கேரட் கொடுப்பது. முதலில் சுற்றிச் சுற்றி வந்து இடப்பக்கத்தையே காட்டியதாம். "இத்தனை வயசுக்கு மேல புதுசா என்ன கத்துக்கறதுன்னு அலுத்துக்குதுடி," என்றாள் அக்கா. "நான் காதுல சொன்னேன், எனக்கும் அதே வயசுதான், பொறுத்துக்கோன்னு."

முட்டியால் இறுக்கிப் பிடிக்காமல் தொடையால் உட்கார்வது, குதிகாலைத் தாழ்த்தி வைப்பது, அங்கவடி வாரை மற்றவர்களைவிட நீளமாக விட்டுக்கொண்டு முட்டி அதிகம் மடங்காமல் பார்த்துக்கொள்வது என்று போய்வரும்போதெல்லாம் ஒரு சேதி கொண்டுவருவாள். வலி போய்விடவில்லை. திரும்பி வந்ததும் இரண்டு காலிலும் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டுதான் மெஷினில் உட்கார்வாள். ஆனால் வலிக்கிற நேரம் பார்த்துப் பாட்டு முணுமுணுக்கிற ஒருத்தியை நான் அப்போதுதான் பார்த்தேன். ஒரு நாள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கத்தினாள்: "தரையிலேர்ந்து ஏறிட்டேன்டி! மேடை இல்லாம! வாரை இறக்கிவிட்டு, வலதுகாலை வெச்சு, ஒரே தூக்கு! ஞாயித்துக்கிழமை ஏரிக்கரை!"

அந்த வாரத்தில்தான் டிரைவர் என் கடைக்கு வந்தார். யாருமில்லாத நேரம் பார்த்து வந்து, இருமல் மருந்து கேட்டார். இருமலே இல்லை அவருக்கு.

"அண்ணே, என்ன வேணும்னு சொல்லுங்க."

கவுண்டரில் இருந்த தராசை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "குதிரையிலேர்ந்து விழுந்தா முதல்ல எதும்மா உடையும்?"

"தலைக்குத் தொப்பி போடறாங்கண்ணே. அக்கா நல்லாதான் உட்கார்றாங்களாம்."

"நான் நாள் பூரா ஜனங்களை ஏத்தி இறக்கறவன்மா. வயசானவங்க கால் வழுக்கறதைக் கண்ணாடியில பாத்துட்டே இருக்கேன். ஒவ்வொரு தடவையும் அவ ஞாபகம்தான் வரும். எனக்குக் கோபமில்லம்மா. பயம். அதை அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, கத்திட்டேன்."

"இப்பச் சொல்லுங்களேன்."

"சொன்னா நிறுத்திடுவா. நிறுத்திட்டா அந்த மூஞ்சி திரும்பப் பழைய மாதிரி ஆயிடும். அதையும் என்னால பாக்க முடியாது," என்றார். களிம்பு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதை அன்று அவர் உபயோகித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஏரிக்கு அக்கரையில் ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் கடைக்கு விடுமுறை போட்டுவிட்டு, டிரைவருக்குப் பின்சீட்டைப் பிடித்து உட்கார்ந்துகொண்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் பாதிக் கூட்டம். கண்டக்டர் வாசலில் தொங்கியபடி யாரோடோ சில்லறைத் தகராறில் இருந்தான்.

ஏரிக்கரைச் சாலை திரும்பியதும் பனி விலகித் தண்ணீர் தெரிந்தது. சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மண்பாதை. அதில் முன்னால் கறுப்புக் குதிரையில் மாஸ்டர். பின்னால் மேனேஜர். அதன்மேல் பட்டன் அக்கா. கயிறு யார் கையிலும் இல்லை.

மெஷின்மேல் கூன்போட்டே பார்த்த முதுகு அது. இப்போது தோளை விரித்துக்கொண்டு, தலையில் தொப்பியோடு, ராணி மாதிரி அசைந்து அசைந்து போகிறது.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "அவ முதுகைப் பாத்தியாம்மா?" என்றார். "எங்க கல்யாணத்தப்ப இப்படித்தாம்மா இருந்தா."

இதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவர் கை தானாகப் போய் ஹாரனை அமுக்கிவிட்டது. இரண்டு குட்டி ஹாரன், எத்தனையோ நாளைக்குப் பிறகு.

அங்கே அக்கா என்ன செய்தாள் தெரியுமா? திரும்பிப் பார்க்கவில்லை. கடையில் செய்கிற அதே மாதிரி, கடிவாளத்திலிருந்து வலதுகையை எடுத்து மேலே தூக்கினாள்.

மேனேஜர் ஒரு துள்ளு துள்ளிற்று. அடுத்த நிமிஷம் மாஸ்டரைத் தாண்டி, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு, தலைதெறிக்க ஓடிற்று.

பஸ்ஸுக்குள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "ஐயோ, ஐயோ" என்று யாரோ கத்தினார்கள், நானாகவும் இருக்கலாம். டிரைவர் வேகத்தைக் கூட்டப் போனார். மாஸ்டர் கையை விரித்து, வராதே, நில் என்று காட்டினார். துரத்தினால் குதிரை இன்னும் ஓடும். பிரேக்கைப் போட்டு நிறுத்தி, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார் டிரைவர். வாழ்நாளெல்லாம் வண்டியை அடக்கியவர், கண்ணெதிரே தன் பெண்டாட்டி போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். இடதுகால் அங்கவடியிலிருந்து கழன்று ஆடிற்று. பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்தாள். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

"நிமிந்து உட்காரு," என்று டிரைவர் முணுமுணுத்தார். "அழுத்தி உட்காரு. நிமிந்து. அழுத்தி. நீதானே சொன்ன!"

அவள் நிமிர்ந்தாள். தொலைவிலேயே தெரிந்தது, அந்த முதுகு மறுபடி நேரானது. பாதை ஓரிடத்தில் அகன்று புல்வெளியாகிறது. அங்கே கடிவாளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்து, மேனேஜரைத் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து திருப்பினாள். பெரிய வட்டம். பிறகு அதைவிடச் சின்ன வட்டம். ஓட்டம் துள்ளலாகி, துள்ளல் நடையாகி, மூக்கில் புகை விட்டுக்கொண்டு மேனேஜர் நின்றது.

பஸ்ஸுக்குள் கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்னே பின்னே தெரியாதவர்களெல்லாம் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உலுக்கினார்கள். டிரைவர் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டுபோய்ப் புல்வெளி ஓரமாக நிறுத்தினார். குதித்து ஓடினார். நான் அவர் பின்னால் ஓடினேன்.

அக்கா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். "பாத்தீங்களா! நிறுத்திட்டேன்! நானேதான் நிறுத்தினேன்!"

"என் தப்பும்மா. கை பழக்கத்துல அடிச்சிட்டேன்," என்றார் டிரைவர்.

"நான் மட்டும்? கடிவாளத்தை விட்டுட்டுக் கையை ஆட்டினேனே. ரெண்டு பேரும் ஒரே லட்சணம்."

மாஸ்டர் வந்து சேர்ந்தார். சேணம் ஒரு பக்கமாக நழுவியிருந்தது. இறங்கினால்தான் சரிசெய்ய முடியும் என்றார். அக்கா வலப்பக்கமாகச் சரிந்து, சேணத்தைப் பிடித்தபடி இறங்கினாள். கால் தரையில் பட்டதும், "அம்மா!" என்று ஒரு சத்தம். அப்படியே குதிரையின் விலாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் ஒரு கையில் தன் குதிரையைப் பிடித்துக்கொண்டே சேணத்தை நேராக்கிப் பட்டையை இறுக்கினார். "ஏறிடுவீங்களாம்மா?"

அக்கா வாரை இறக்கினாள். வலதுகாலை வைத்தாள். எழும்பினாள். பாதியில் கால் வெடவெடவென்று ஆடிக் கீழே வந்துவிட்டாள். மறுபடி முயன்றாள். இந்தத் தடவை பாதிகூடப் போகவில்லை. ஓடின ஓட்டத்தில் இரண்டு தொடையும் துவண்டுபோயிருந்தன.

"போதும்மா. நடத்திக் கூட்டிட்டுப் போயிடலாம்," என்றார் மாஸ்டர்.

"பஸ்ல ஏறு," என்றார் டிரைவர் மெதுவாக. "வீட்டுக்குப் போலாம். நீ ஓட்டினதை நான் பாத்துட்டேன். ஊரே பாத்தாச்சு. போதும்."

அக்கா ஏரியைப் பார்த்தாள். வந்த தூரம் பாதிதான். கரையின் மிச்சம் வெயிலில் நீண்டு கிடந்தது. அவள் முகம் சுருங்குவதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நொண்டி நொண்டி பஸ்ஸை நோக்கி நடந்தாள். கண்டக்டர் கை கொடுத்தான். கம்பியைப் பிடித்து முதல் படியில் ஏறினாள், இரண்டாம் படியில் ஏறினாள். உள்ளே ஒரு பெண் எழுந்து சீட்டைக்கூடக் காலி செய்துவிட்டாள்.

அக்கா உள்ளே போகவில்லை. படியிலேயே திரும்பி நின்றாள். வாசலுக்கு வெளியே, கீழே, பார்வையால் அளந்தாள், கட்டிங் போடுமுன் துணியைப் பார்க்கிற பார்வை. பிறகு சொன்னாள்: "மேனேஜரை இப்படி ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்துங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. பஸ்ஸின் வாசல் இடப்பக்கம். அதை ஒட்டிக் குதிரையை நிறுத்தினால், அதன் வலப்பக்கம்தான் வாசலுக்கு நேராக வரும்.

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவருடைய கறுப்புக் குதிரை பஸ் என்ஜினைக் கண்டு முரண்டியது, அதை விட்டுவிட்டு வர முடியவில்லை. அவர் மேனேஜரின் கடிவாளத்தை டிரைவரிடம் நீட்டினார். "அண்ணே, நீங்கதான் பிடிக்கணும்."

"நானா?"

"நீங்கதாங்க," என்றாள் அக்கா படியிலிருந்து.

டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வருவதாகத் தெரியவில்லை. கண்டக்டர் ஓடிப்போய் என்ஜினை மட்டும் அணைத்துவிட்டு வந்தான். டிரைவர் கடிவாளத்தை வாங்கினார். மேனேஜர் கீழ்க்கண்ணால் அவரை ஒரு பார்வை பார்த்தது. அவரும் பார்த்தார். "வா சாமி," என்று கெஞ்சலாகச் சொல்லிக்கொண்டு, பஸ்ஸைப் பின்னால் எடுக்கிற மாதிரி முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துப் பார்த்து, அங்குலம் அங்குலமாகக் கொண்டுவந்து வாசலை ஒட்டி நிறுத்தினார். இப்போதும் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமாக யாரும் ஒரு குதிரையைப் பார்க் செய்திருக்க முடியாது.

மேனேஜர் அசையவில்லை. அக்கா கம்பியை விட்டாள். சேணத்தைப் பிடித்து, இடதுகாலை மெல்லத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். வலியில் பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. பிறகு முகம் மலர்ந்ததும் தெரிந்தது.

"விடுங்க," என்றாள் கணவரிடம்.

அவர் விடவில்லை. இரண்டு கையாலும் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். "விட்டா ஓடும்."

"ஓடட்டுங்க. அதுக்குத்தானே ஏறினேன்."

டிரைவர் அவளை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தார்.

மேனேஜர் நடந்தது. மாஸ்டர் பின்னால் போனார், இந்தத் தடவை முன்னால் அக்கா. கொஞ்ச தூரத்தில் நடை துள்ளலாகிற்று. அவள் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, தாளம் தப்பாமல் கரையோரம் போய்க்கொண்டே இருந்தாள். பஸ்ஸின் ஒரு பக்கத்து ஜன்னலெல்லாம் தலைகளாக இருந்தன. டிரைவர் அவள் வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்து சீட்டில் ஏறினார். நேரமாகிவிட்டது என்று கண்டக்டர்கூடச் சொல்லவில்லை.

முன்சீட்டிலிருந்த பெரியவர் ஒருவர் எக்கி அவரிடம் கேட்டார். "யாருங்க அந்தம்மா?"

"என் சம்சாரம்."

"நொண்டி நொண்டி வந்து பஸ்ல ஏறினாங்களே?"

"முட்டி வலி. ரெண்டு கால்லயும்."

"முட்டி வலியோடவா குதிரை ஓட்டறாங்க?"

டிரைவர் சாவியைத் திருப்பினார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "ஆமாங்க. வலியோடதான்!"